விடுதிப் பிள்ளைக்கு வீட்டுக் கடலை

நிலக்கடலையை மூட்டை கட்டி மண்டிக்கு ஏற்றிவிட்டு, கல்லூரி விடுதிக்குக் கிளம்பும் மகளிடம் பிஸ்கட் வாங்கிக்கொள்ளப் பணம் கொடுக்கிற வீடுகள் இன்று நிறைய. விடுதியில் முதல் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் விட்டுப்போவது காலைச் சாப்பாடுதான். பதினோரு மணிக்கு டீயும் பன்னும், ராத்திரி பரோட்டா. வயிறு நிறையும், சத்து சேராது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படித்தது நிற்கவில்லை என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று திட்ட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வறுத்த கடலை, எள்ளுருண்டை இரண்டும் டப்பாவில் பல நாள் கெடாது. ஆனால் நன்றாகக் காய்ந்த கடலையாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. மண்டிக்குக் கழித்ததைப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பது கூடவே கூடாது.

சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரை, பயறு, தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். அந்த நேரத்துக்கு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ பையில் இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தைச் சேர்த்துக்கொள்ள உதவும்.