கண்ணாடியை அளக்கும் கருவியே பிசகினால்

சில மாதங்களுக்கு முன் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, நான் கண் பரிசோதகராக இருக்கும் இடத்துக்கு வந்தார். வயது 53. பழைய கண்ணாடியின் கால் உடைந்துவிட்டதால், கடையில் கொடுத்து "இதே பவரைப் போட்டுக் கொடுங்க" என்று புதிது வாங்கியிருக்கிறார். அதன் பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சாயங்காலமானால் தலைவலி. "கண்ணு கெட்டுப்போச்சு போல சார், இனிமே தையலை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

இரண்டு கண்ணாடிகளையும் எங்கள் கருவியில் வைத்தேன். பழையது +2.00. புதியது +1.50. கண்ணைப் பரிசோதித்தால் அவருக்குத் தேவை +2.00தான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். அவர் கருவியைப் பார்க்கவிட்டார். லென்ஸ் எதுவும் வைக்காமல் பார்த்தேன். கோடுகள் தெளிவாகத் தெரிந்த இடத்தில் சக்கரம் பூஜ்யத்தில் இல்லை, −0.50இல் நின்றது. கடை இடம் மாறியபோது சக்கரத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அங்கே அளந்த ஒவ்வொரு கண்ணாடியும் அரை பவர் பிசகித்தான் அளக்கப்பட்டிருக்கும். அந்த நினைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்தக் கருவி எதை அளக்கிறது?

கடைகளில் 'பவர் பார்க்கிற மெஷின்' என்பார்கள். பெயர் லென்ஸ்மீட்டர். அது கண்ணை அளப்பதில்லை, கண்ணாடியை மட்டும் அளக்கிறது. லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை டயாப்டரில் சொல்லும். 1872இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் மொனொயே முன்வைத்த அலகு அது. சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்), அதன் ஆக்சிஸ் (அந்தத் திசையைக் குறிக்கும் கோணம்), லென்ஸின் ஒளி மையம் எங்கே இருக்கிறது என்பவற்றையும் இதில்தான் பார்க்கிறோம்.

பழைய கண்ணாடியைப் பார்த்துப் புதிது செய்வதும், செய்து வந்த கண்ணாடி சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் பெரும்பாலும் இந்த ஒரே கருவியில்தான். அதனால் அது பிசகினால் பிசகைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி இல்லை.

கையால் திருப்பும் கருவியில்

சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கும் பழைய வகையில் அடிக்கடி நேரும் தவறு, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைப் பற்றியது. அதைப் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். ஒருவர் வைத்துவிட்டுப் போனதில் இன்னொருவர் அப்படியே பார்த்தால் அளவு மாறலாம். இளம் வயதுக்காரர்களுக்குக் கண் தானாகவே குவிந்து மங்கலை ஈடுகட்டிவிடும். அவர்கள் எடுக்கும் அளவு மைனஸ் பக்கம் சாயும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஐபீஸை முழுவதும் வெளியே திருகிவிட்டு, உள்ளே தெரியும் அளவுக்கோடுகள் முதன்முதலில் தெளியும் இடம்வரை மெதுவாக உள்ளே திருக வேண்டும். அங்கேயே நிறுத்திவிட்டு, லென்ஸ் இல்லாமல் சக்கரத்தைப் பிளஸ் பக்கத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஒளிக்கோடுகள் பூஜ்யத்தில் தெளிந்தால் சரி. அளவுக்கோடு தெளிவாக இருந்தும் ஒளிக்கோடு பூஜ்யத்தில் தெளியவில்லையென்றால் கருவியே பிசகியிருக்கிறது, பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டும். பூஜ்யம் சரியாக இருந்தாலும் அதிக பவரில் பிசகலாம். அதனால் பவர் தெரிந்த சோதனை லென்ஸ்கள் சிலவற்றையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

கோடுகள் எல்லாமே மங்கலென்றால் முதலில் தூசியைத் துடையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் தங்கும் கடைகளில் உள் லென்ஸில் பூஞ்சை படர்வதும் உண்டு. அதைக் கடையில் பிரிக்கக் கூடாது. விளக்கு எரியவில்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறிய பிறகு பல்பை மாற்றலாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம்.

தானே அளக்கும் கருவியில்

ஆட்டோ லென்ஸ்மீட்டர் எண்ணை அச்சிட்டே கொடுத்துவிடுவதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் லென்ஸை வைத்தபடியே சுவிட்சைப் போட்டால் தொடக்கச் சரிபார்ப்பு கெடும். அணைத்துவிட்டு, லென்ஸை எடுத்து, மறுபடி போட வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழுவதும், ஒளி போகும் துளையின் மூடியில் தூசி படிவதும் அளவைக் குழப்பும். மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் ப்ராக்ரெசிவ் லென்ஸைச் சாதாரண முறையில் அளந்தாலும் தப்பான எண் வரும். சீட்டு வெள்ளையாகவே வந்தால், தாள் பெரும்பாலும் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு வீண் பயத்தையும் போக்கிவிடுகிறேன். ஒரு சீட்டில் −1.00 / −0.50 × 180 என்றும் இன்னொன்றில் −1.50 / +0.50 × 90 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே பவர்தான், எழுதும் முறைதான் வேறு.

ஆக்சிஸும் மையமும்

கண்ணாடியைக் கருவியின் மேடையில் வைக்கும்போது ஃப்ரேமின் இரண்டு அடி விளிம்புகளும் சமமாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் ஆக்சிஸ் தவறும். 10 டிகிரி தவறினாலே சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். 30 டிகிரி தவறினால் அந்தச் சிலிண்டரைப் போட்டும் பயன் இல்லை.

மையம் தவறுவதை நோயாளியால் எளிதில் சொல்ல முடியாது. 4 டயாப்டர் லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகினால், 2 ப்ரிசம் டயாப்டர் அளவுக்குப் பிம்பம் தள்ளிப்போகிறது. கண் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். "தலை கனமா இருக்கு, தரை சாய்ஞ்ச மாதிரி இருக்கு" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கருவியில் மைப் புள்ளி வைக்கும் முள் வளைந்திருந்தாலும் மையம் தவறும். லென்ஸை மையப்படுத்திப் புள்ளி வைத்து, தலைகீழாகத் திருப்பி மறுபடி மையப்படுத்திப் புள்ளி வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதுக் கண்ணாடி வாங்கும்போது, பவர் எழுதிய சீட்டோடு கண்ணாடியையும் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸ் வைக்காமல் பூஜ்யம் வருகிறதா என்றும் கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம், ஒரு நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் வேறொரு இடத்திலும் அளந்து பாருங்கள்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அதன் வழியே எதிரேயுள்ள ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி பக்கவாட்டில் அசையுங்கள். கம்பி எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிளஸ், கூடவே நகர்ந்தால் மைனஸ். சக்கரம்போலச் சுழற்றும்போது கம்பி சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது. பிளஸும் மைனஸும் மாறிப்போனதும், சில நேரம் வலது இடது மாறிப்போனதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கருவி சரி, கண்ணாடியும் சரி என்றால்

அப்போது கண்ணைப் பார்க்க வேண்டும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். கண்புரை வளரும்போதும் மாறும். பழைய பவரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்பவர்களுக்கு, கண் நீர் அழுத்த நோய் சத்தமில்லாமல் வளர்ந்தாலும் தெரியாது. லென்ஸ்மீட்டர் அதைச் சொல்லாது. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினாலோ, மின்னல்போல ஒளி தெரிந்தாலோ, திரை விழுந்ததுபோல இருந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.