மழையோடு 86 மைல்

எங்களில் பலருக்குச் சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காதிருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில் அதுதான் எங்கள் பஸ், அதுதான் எங்கள் வான். முன்னே பாரில் பிள்ளை, பின்னே கரியரில் விறகுக்கட்டு என்று எத்தனையோ தாய்மார் மைல் கணக்கில் மிதித்தார்கள். நானும் அப்படி மிதித்தவள்தான். லண்டனுக்கு வந்தபின் பதினைந்து ஆண்டுகள் சைக்கிளைத் தொடவேயில்லை.

2013 ஆம் ஆண்டில், எனது 43 ஆவது வயதில், இரத்தத்தில் சீனியின் அளவு எல்லைக்கு வந்துவிட்டது என்று வைத்தியர் கூறினார். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு உடல் அதிகம் பருக்காவிட்டாலும் நீரிழிவு வரக்கூடும் என்றும் விளக்கினார். அதே நோயால் ஒரு காலை இழந்தவர் எனது தாயார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுவாரம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

நூறு மைல் ஓட்டம்

2012 லண்டன் ஒலிம்பிக்கின் நினைவாக 2013 இல் 'ரைட் லண்டன்' என்ற சைக்கிள் விழா தொடங்கப்பட்டது. வாகனங்களை நிறுத்தி வீதிகளை மூடிவிடுவார்கள். சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் 100 மைல், அதாவது ஏறத்தாழ 161 கிலோமீற்றர் ஓடுவார்கள். தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் சேர்ப்பதற்காக ஓடுவோரும் பலர். குலுக்கலில் எனக்கு 2014 ஆம் ஆண்டு ஓட்டத்தில் இடம் கிடைத்தது.

"இந்த வயதில் இது தேவையோ?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். கணவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல், ஞாயிறு காலைகளில் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எட்டு மாதங்கள் 10 மைல், 20 மைல், 50 மைல் என்று படிப்படியாகப் பழகினேன்.

ஆகஸ்ட் 10 ஆம் திகதி வந்தது. அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த 'பேர்த்தா' சூறாவளியின் எச்சம் அன்றுதான் இங்கிலாந்தை அடைந்தது. விடியற்காலையிலேயே காற்றும் மழையும். "அம்மா, இந்த மழைக்குள்ளயும் போகப்போறீங்களோ?" என்றாள் மகள். "மாரி மழைக்குள்ள பள்ளிக்கூடம் போனனாங்கள் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

ஒலிம்பிக் பூங்காவில் ஓட்டம் தொடங்குமுன் அறிவித்தல் வந்தது. ஈரமான இறக்கங்கள் ஆபத்தானவை என்பதால் லீத் ஹில், பொக்ஸ் ஹில் ஆகிய இரு மலைகளும் நீக்கப்பட்டு, தூரம் 86 மைலாகக் குறைக்கப்பட்டது. சிலர் முணுமுணுத்தார்கள். வீட்டில் பிள்ளைகளை விட்டு வந்த எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது.

குளிர்தான் எதிரி

நனைவது பெரிய துன்பம் அல்ல, குளிர்தான் துன்பம். ரிச்மண்ட் பூங்காவைத் தாண்டும்போதே விரல்கள் விறைத்தன. பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்று தெரியவில்லை. வழியில் மரங்களின் கீழே பலர் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஓடும்வரை உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. ஈர உடையோடு நின்றால் அந்தச் சூடு விரைவாகப் போய்விடுகிறது.

சரே மாவட்டத்துக் கிராமப்பாதை ஒன்றில், ரயருக்குக் காற்றுப் போய் ஓர் இளம்பெண் அழுதபடி நின்றாள். மழைநீர் அடித்து வரும் சிறு கற்கள் ஈர ரயரில் ஒட்டிக்கொள்வதால் இப்படி அடிக்கடி நடக்கும். புது ரியூப் கிடைக்காத காலத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப்போட்டுப் பழகிய கைகள் என்னுடையவை. விறைத்த விரல்களாலும் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். இருவரும் ஒன்றாகவே மிதித்தோம். விம்பிள்டன் ஏற்றத்தில் நான் சோர்ந்தபோது, "இன்னும் கொஞ்சத் தூரந்தான்" என்று அவள் எனக்குச் சொன்னாள்.

பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னாலுள்ள 'தி மோல்' வீதியில் ஓட்டம் முடிந்தது. 2012 இல் ஒலிம்பிக் பெண்கள் வீதியோட்டமும் இதே இடத்தில், அதுவும் கொட்டும் மழையில்தான் முடிந்தது. நெதர்லாந்தின் மரியான் வொஸ் தங்கம் வென்றார். ஆண்களுக்கு 1896 இலேயே இருந்த இந்த ஒலிம்பிக் போட்டி, பெண்களுக்கு 1984 இல்தான் கிடைத்தது. அந்தப் பெண்கள் ஓடிய தூரம் 140 கிலோமீற்றர். நாங்கள் ஓடிய 86 மைல் ஏறத்தாழ 138 கிலோமீற்றர். அவர்களுடைய வேகம் எங்கே, என்னுடைய வேகம் எங்கே! ஆனாலும் கழுத்தில் பதக்கம் விழுந்தபோது அந்தக் கணக்கு எனக்கு மகிழ்ச்சி தந்தது.

அன்று 20,000க்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். பின்னர் 2022 இல் பாதை எசெக்ஸ் பக்கம் மாறியது. 2025 இல் விழா நடைபெறவில்லை.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

மழையில் சைக்கிள் ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஈரத்தில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே மெதுவாக அழுத்துங்கள். வீதியில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாதீர்கள். தேங்கிய நீருக்குள் குழி இருக்கலாம். குளிர் நாடுகளில் இருப்போர் பருத்தி உடையைத் தவிர்ப்பது நல்லது; அது நீரை உறிஞ்சி உடலைக் குளிரச் செய்யும். பசிக்குமுன் சிறிது சிறிதாக உண்ணுங்கள்.

அடுத்த பரிசோதனையில் எனது சீனியின் அளவு குறைந்திருந்தது. சைக்கிளோடு சோற்றின் அளவைக் குறைத்ததும் அதற்குக் காரணம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பதக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "காலைக் கவனமாகப் பார்த்துக்கொள் பிள்ளை" என்றார்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கலாம். பிள்ளைகளும் கணவரும் மட்டும் அதை எடுக்கவேண்டும் என்றில்லை. காற்றை நிரப்பிச் சந்தைவரை ஒருமுறை போய் வாருங்கள். மிச்சத் தூரம் பிறகு தானாக வரும்.