புளியங்கொட்டைத் தோலும் மத்திக் கருவாடும்

பழவேற்காட்டுக் குப்பங்களில் மீன் குழம்புக்குப் புளி கரைக்கும்போது ஒதுங்கும் கொட்டைகள், பல்லாங்குழிக்கு எடுத்தது போக, குப்பைக்குத்தான் போகின்றன. அதே ஊரில் காயும் மத்திக் கருவாடு நாள்பட்டால் மஞ்சள் பாரித்துச் சிக்கு வாடை அடிக்கிறது. மீன் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதன் விளைவு அது. உப்பு கிருமிகளை அடக்கும். இந்தக் கேட்டை நிறுத்தாது.

நிறுத்தக்கூடிய பொருள் அந்தக் கொட்டைத் தோலில் இருக்கிறது.

புளியங்கொட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தோல். உள்ளிருக்கும் பருப்பை மாவாக்கி, துணி, சணல் ஆலைகள் நூலுக்குக் கஞ்சி போட வாங்குகின்றன. தோல் கழிவாகிறது. 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எபிகேட்டச்சின் உள்ளிட்ட ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை இந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்தனர். இவை பாலிபீனால்கள் என்னும் வகை. நாக்கில் தெரியும் துவர்ப்பே அவற்றின் அடையாளம்தான்.

இந்தத் தோலைப் பயன்படுத்துவதில் சூட்டுக்கு இரண்டு வேலை. வறுத்தால் தோல் நொறுங்கி, இடித்ததும் கழன்றுவிடும். புளியங்கொட்டையை வறுத்துத் தின்றவர்களுக்கு இது தெரிந்ததே. நார்களோடு பிணைந்து கிடக்கும் பீனால்களையும் சூடு விடுவிக்கும். 2004இல் கொரியாவில் மாண்டரின் ஆரஞ்சுத் தோலை 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கியபோது, சாற்றில் பீனால் அளவு இரு மடங்குக்கு மேல் கூடியது. பதம் தப்பினால் அதே சூடு அவற்றை அழித்தும் விடும். முழு விதை தாங்கும் சூட்டைப் பொடி தாங்காது.

புளியங்கொட்டைத் தோலை வறுத்துப் பார்த்த முன்னோடி தமிழ்நாட்டிலேயே உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சித்துராஜு, பச்சையான புளியங்கொட்டைத் தோலையும் உலர் சூட்டில் வறுத்ததையும் ஒப்பிட்ட ஆய்வை 2007இல் வெளியிட்டார். இயற்கையான ஆக்சிஜனேற்றத் தடுப்பானுக்கு இந்தத் தோல் தகுந்த மூலம் என்பதே அதன் முடிவு.

கடலோரத்துக்குத் துவர்ச்சாறு புதிதல்ல. நைலான் வருமுன் பருத்தி வலைகள் மக்காதிருக்க மரப்பட்டைச் சாற்றில்தான் ஊறின. வலையைக் காத்த டானின்கள் என்னும் துவர்ப்புப் பாலிபீனால்களும் கொட்டைத் தோலின் டானின்களும் ஒரே குடும்பம்.

ஆனால் தோல் பொடியை வீட்டில் அப்படியே கருவாட்டில் தூவுவது சரியல்ல. அளவு மிஞ்சினால் டானின் வயிற்றைக் கட்டும், ருசியையும் மாற்றும். சரியான அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. குப்பத்துப் பெண்கள் உலர்த்தும் மத்தியிலேயே அந்த அளவைக் கண்டறியும் சோதனையை அது தொடங்க வேண்டும்.