வளையும் பருவம் எது?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். ஆயினும் உடற்பேறு குறைந்து பிறக்கும் குழந்தையைப் பொறுத்தவரை, ஐந்து வயது என்னும் எல்லையே மிகப் பிந்தியதாகும். அக்குழந்தைக்குரிய கணக்கு மாதங்களால் அமைவது.

செவிப்புலனைச் சான்றாகக் கொள்ளலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதற் சில மாதங்களில் ஏனைய குழந்தைகளைப் போலவே குரலெழுப்பும். அதனால் வீட்டார்க்கு ஐயம் எழுவதில்லை. மழலை தோன்ற வேண்டிய காலம் கடந்த பின்னும், "இவன் அப்பனுக்கும் பேச்சு தாமதமாத்தான் வந்துச்சு" என்று பாட்டியார் ஆறுதல் கூறிவிடுவார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இச்சொல்லைப் போலக் காலத்தை விழுங்குவது வேறொன்றில்லை. ஆறு மாதம் நிரம்புமுன் கண்டறியப்பட்டுக் காது கருவியும் பயிற்சியும் பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மொழித்திறனில் மேம்பட்டிருந்தனர் என்பதை, 1998இல் வெளிவந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

பிறவி வளைபாதமும் இத்தகையதே. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர் போன்செட்டி வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களில் தொடங்கி, வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாக நேராக்குவர். பெரும்பாலும் குதிகால் நாணில் ஒரு சிறு கீறலோடு காரியம் முடிந்துவிடும். அதன்பின் நான்கு வயதளவும் உறங்கும்போது அணியத் தனிக் காலணி உண்டு.

"வாரந்தோறும்" என்னும் அச்சொல்லிலேதான் தோட்டப்புறத்தின் இடர் அடங்கியுள்ளது. லாபிஸ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பட்டணத்திற்கு வருவதே ஒரு வேலை. அங்கிருந்து சிகாமட் மருத்துவமனைக்கு மேலும் ஏறத்தாழ 30 கி.மீ. செல்லவேண்டும். வண்டிச் செலவோடு நாட்சம்பளமும் போகும். முதல் மாதம் தவறாது சென்ற தாய் மூன்றாம் மாதம் செல்லாதொழிவது அக்கறையின்மையால் அன்று.

ஆதலின் பயிற்சியே வீடு தேடிச் செல்லவேண்டும். இக்கருத்து புதிதன்று. மலேசியாவில் 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பிடிகே என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டம், இன்று சமூகநல இலாகாவின்கீழ் நாடெங்கும் நிலையங்களைக் கொண்டுள்ளது. நிலையத்திற்கு வர இயலாதோர்க்கு வீட்டிலேயே பயிற்றுவிப்பதும் அதன் முறைகளுள் ஒன்று. ஆனால் வளர்ந்தோர் பகற்பொழுதைக் கழிக்கும் இடம் அது என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர் போலும்.

தமிழ்நாட்டில் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம் இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றுள்ளது. அதன் களப்பணியாளர் சிற்றூர் வீடுகளுக்கே சென்று தாய்மார்க்குப் பயிற்சி கற்பிக்கின்றனர். வல்லுநர்கள் கைப்பேசிச் செயலி வழியே குழந்தையின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கின்றனர். குளிப்பாட்டுகையிலும் உணவூட்டுகையிலும் தாய் செய்யும் பயிற்சி நாள்தோறும் நிகழ்வது. மருத்துவமனையின் அரைமணி நேரம் அதற்கு ஈடாகாது.

இனி, ஆசிரியர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளையைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், அதன் வீட்டிலுள்ள தம்பி தங்கையரைப் பற்றியும் வினவலாம். அரசாங்கக் கிளினிக்கில் பதினெட்டாம் மாதத்திலும் மூன்று வயதிலும் ஆட்டிசம் பற்றிய வினாத்தாள் நிரப்பப்படுகிறது. படிவம் விளங்காத பெற்றோர்க்கு அதை உடனிருந்து படித்துக்காட்டலாம். நோய்க்குப் பெயர் சூட்டுவது ஆசிரியர் வேலையன்று. உடற்பேறு குறைந்தோர் அட்டையில் பெயர் பதிந்தால் பிள்ளைக்கு வடு நேரும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு, மருத்துவமனைப் பயிற்சியைத் தொடங்க அவ்வட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் தெரிவிக்கலாம்.