நீற்றறையிலும் நின்ற துணை

எடையில் வஞ்சம், பண்டத்தில் கலப்படம், காரியத்திற்குக் கையூட்டு, வாக்கில் பொய் என்பன நாள்தோறும் நாம் காணும் காட்சிகளாயின. இத்தகைய உலகில் இறைவனை நம்பினார்க்கு அவன் காவல் உண்டோ? உண்டெனின் அஃது எத்தன்மையது?

கோத்தகிரியை அடுத்த இக்கட்டபெட்டில் இவ்வினாவை மேலோட்டமாகக் கேட்டல் இயலாது. 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருமழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இறைவனைத் தொழுதவர் இலரோ? அவர்தம் அன்பு குறைந்ததோ? அங்ஙனம் கூறுதல் அடாது.

சித்தாந்த சாத்திரம் வினையை மூவகையாகப் பகுக்கும். முன்னே ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம்; இவ்வுடம்போடு வந்து பயன் தருவது பிராரத்தம்; இனி ஈட்டப்படுவது ஆகாமியம். சஞ்சிதம் குருவருளால் எரிந்தொழியும். ஆகாமியம் திருவருள் நிறைவில் ஏறாது நிற்கும். பிராரத்தமோ உடல் உள்ளளவும் நுகர்ந்தே கழிதல் வேண்டும். ஆதலின் மெய்யடியார்க்கும் நோயும் இழப்பும் உண்டு. எனினும், பிறர் துயரைக் கண்டு ‘அஃது அவர் வினை’ என்று விலகி நிற்பது சைவமன்று. வினைக் கொள்கை நம்மைத் திருத்துதற்கே அன்றிப் பிறரைப் பழித்தற்கு அன்று.

இதற்குச் சான்றாக விளங்குபவர் திருநாவுக்கரசு நாயனார். அவரை ஆட்கொள்ள இறைவன் முதலில் தந்ததே சூலைநோய். தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து திருவதிகையில் அந்நோய் நீங்கினார். பின்னர்ப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினான், மதயானையை ஏவினான், கல்லொடு பிணித்துக் கடலில் இட்டான். அக்கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது எனச் சேக்கிழார் பெருமான் அருளுவார்.

ஈண்டு ஒன்று நோக்குமின். நீற்றறைக்குள் செல்லாமல் இறைவன் அவரைத் தடுத்திலன், உட்புகவிட்டு உடனிருந்தான். அரசன் அழிக்க முயன்றது உடலை. இறைவன் காத்தது உடலை மட்டுமன்று, அஞ்சாமையையும் பகை கொள்ளாமையையும். அம்மன்னனும் பின்னர்ச் சைவம் சார்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றாசிரியர். திருச்சிராப்பள்ளி மலைக் குகைக் கல்வெட்டு, குணபரன் வேற்று நெறியினின்று மீண்டமையைக் குறிப்பதாகவும் கொள்வர். அடியவரைக் காத்த அருள், அவரைத் துன்புறுத்தியவனையும் கைவிட்டிலது.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் நாள்தோறும் ஈந்த படிக்காசுகளால் சம்பந்தரும் அப்பரும் அடியார்க்கு அமுதளித்தனர். தமக்கென ஒன்றும் சேர்த்திலர். காக்கப்பட்டவர் பிறரைக் காக்கும் கருவியாதலே காவலின் நிறைவு. திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றவும், அவற்றைக் கல்லோடு கல்லாகக் குளத்தில் எறிந்தார் நாயனார். பஞ்சமும் அவரை அசைத்திலது, பொன்னும் அசைத்திலது.

தேயிலை வளரும் இம்மலையில் பசுந்தேயிலை விலை வீழ்வதும் உண்டு. பனி கருக்குவதும் உண்டு. அக்காலத்தே தூளில் கலப்படம் செய்து பொருளீட்ட ஒருவனை மனம் தூண்டலாம். அத்தூண்டுதலை ஐந்தெழுத்தின் துணையால் வென்று, வருவாய் குறைந்தும் நேர்மை குறையாது ஒருவன் இல்லம் திரும்புவானாயின், அன்று அவனை இறைவன் காத்தான் என்று அறிக. மண் சரிந்த இல்லத்திற்கு ஒருவன் மண்வெட்டியும் சோறும் கொண்டு ஓடுவானாயின், அவன் கைகளே இறைவன் கைகள் என்று அறிக.

ஆகவே, துன்பம் வாராதிருக்க வேண்டுவதினும், வந்தபோது அவன் திருவடியை மறவாதிருக்க வேண்டுவோம். நீறணிந்து, ஐந்தெழுத்தோதி, கைத்தொண்டு புரிவோம்.

திருச்சிற்றம்பலம்.