புயல் கடந்தபின் வரும் வெள்ளம்

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பர் நம் முன்னோர். ஏரிகளும் கிணறுகளும் அம்மழைக்கே காத்திருக்கின்றன. எனினும் வங்கக் கடலில் புயல்கள் பிறப்பதும் இப்பருவத்தில்தான்.

“மங்கலம்பேட்டை கடலோரத்திலா இருக்கிறது? புயல் நம்மை என்ன செய்யும்?” என்று நம்மிடம் கேட்டோர் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல் இதற்கு விடை கூறிற்று. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று கடற்கரையோடு நின்றுவிடவில்லை. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன.

காற்று ஆரவாரத்தோடு வரும். வெள்ளமோ ஓசையின்றி வரும். 2024 நவம்பர் 30 இரவில் ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆபத்து நீங்கிற்றெனப் பலர் எண்ணினர். ஆனால், உள்நாட்டில் நகர்ந்த அப்புயலின் எச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்வான குடியிருப்புகளில் புகுந்தது.

எங்கோ பெய்யும் மழை நம் வாயிலில் வந்து நிற்கும் என்பதே இதன் பாடம். கல்வராயன் மலையில் பெய்யும் மழையும் மணிமுத்தாறு வழியே விருத்தாசலம் வந்து வெள்ளாற்றில் கலக்கிறதன்றோ? நம் ஊரில் வானம் வெளுத்திருப்பதைக் கண்டு ஆற்றை நம்பலாகாது.

அந்நாளில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிற்கு உணவுப் பொட்டலங்களுடன் சென்றிருந்தோம். புயலன்று பள்ளிக்கூடத்தில் தங்கிய மூதாட்டி ஒருவர், மழை விட்டதும் வீடு திரும்பியிருந்தார். மீண்டும் புறப்படுமாறு அழைத்தபோது, “நாலு ஆட்டையும் வுட்டுட்டு எங்க சாமி வர்றது?” என்றார். அறிவுரை பலிக்கவில்லை. இளைஞர் இருவர் ஆடுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தனர். அவரும் பின்னே வந்தார். மாலைக்குள் அத்தெருவில் இடுப்பளவு நீர் நின்றது.

ஆதலால், குடும்பத்தினர் கூடியிருக்கும்போதே இவற்றைத் தீர்மானித்துவிடுங்கள்: முதியோரை அழைத்துச் செல்பவர் யார்? கால்நடைகளை எந்த மேட்டில் கட்டுவது? குடும்ப அட்டை, நிலப்பத்திரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு எங்கே வைப்பது?

புயல் வீசுகையில் காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண் கடக்கும் நேரமாகலாம். சற்றுப் பொறுத்து எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும். வீட்டிற்குள் நீர் புகுமுன் மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை அணுகாதீர்கள், மின்வாரியத்திற்குத் தெரிவியுங்கள். தரைப்பாலத்தின் மீது நீர் ஓடினால், ஆழம் குறைவெனினும் கடக்க முயலாதீர்கள். அரையடி நீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். நீர் வடிந்தபின் வீட்டிற்குள் பாம்பு புகுந்திருக்கக்கூடும். கோல் கொண்டு தட்டிப் பார்த்தே நுழையுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்துங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முகாமிலிருந்து வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். மழை நின்றதை மட்டும் பாராமல், ஆற்றின் நிலை குறித்து அதிகாரிகள் கூறுவதைக் கேட்டுப் புறப்படுங்கள். புறப்படுமுன் அண்டை வீட்டில் தனித்து வாழும் முதியவரையும் நினைவில் கொள்ளுங்கள். அவர் வரத் தயங்கினால் கடிந்துகொள்ள வேண்டாம். அவரைத் தடுப்பது எது என்று கேளுங்கள். ஒருவேளை, அது நான்கு ஆடுகளாக இருக்கலாம்.