ரிவர்ஸ் கியர் இல்லாத கார்

முட்டுச்சந்துக்குள் ஒரு கார் நுழைந்துவிட்டது. அதில் ரிவர்ஸ் கியரே கிடையாது. இனி எப்படி வெளியே வரும்?

இங்கிலாந்தில் 'பாண்ட் மினிகார்' வைத்திருந்தவர்கள் இதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிப்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்து, வந்த வழியைப் பார்த்து நின்றுவிடும்!

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. 1949 முதல் பிரஸ்டன் நகரில் தயாரான இந்தக் குட்டிக் காரை வடிவமைத்தவர் லாரி பாண்ட். உலகப்போர் முடிந்திருந்தாலும் பிரிட்டனில் 1950 மே மாதம்வரை பெட்ரோலுக்கு ரேஷன்தான். அதனால் எல்லாவற்றிலும் சிக்கனம். எஞ்சின் வெறும் 122 சிசி, அதுவும் மோட்டார் சைக்கிளுடையது. விமானக் கம்பெனியில் வேலை பார்த்த அனுபவத்தால், உடலை மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தார் பாண்ட். முதல் மாடலில் பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்கூட இல்லை. டயரில் இருக்கும் காற்றுதான் குலுக்கலைத் தாங்கவேண்டும். இந்தச் சிக்கனம் கொஞ்சம் ஓவர்தான்!

சரி, ரிவர்ஸ் கியரை ஏன் விட்டுவிட்டார்கள்? அன்றைய சட்டப்படி, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருந்தாலே எடை குறைந்த மூன்று சக்கரக் காரை ஓட்டலாம். ஆனால் அதில் ரிவர்ஸ் கியர் இருக்கக் கூடாது.

இப்போது அந்த வட்டமடிக்கும் வித்தைக்கு வருவோம். எஞ்சின் முன் சக்கரத்தோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தது. சக்கரம் திரும்பினால் எஞ்சினும் கூடவே திரும்பும். 1952இல் வந்த மாடலில் அந்தச் சக்கரம் இரு பக்கமும் 90 டிகிரிவரை திரும்பியது. இழுக்கும் சக்கரமே பக்கவாட்டில் திரும்பி நின்றால், காரின் மூக்கும் பக்கவாட்டில்தானே நகரும்? பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. எனவே ஒன்று முன்னோக்கி உருளும், மற்றது பின்னோக்கி உருளும். இரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளிதான் வட்டத்தின் மையம். பின் சக்கரங்களை எஞ்சின் தள்ளும் கார் என்றால் இது நடக்காது. குறுக்கே நிற்கும் முன் சக்கரம் தரையில் தேய்ந்துகொண்டு இழுபடும்.

1959இல் 'மினி' என்ற நான்கு சக்கரக் கார் வந்தது. 1962இல் கார்களுக்கான வரியும் குறைந்தது. மூன்று சக்கரக் காரின் விலை மலிவு என்ற கவர்ச்சி போயிற்று. 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மினிகார்கள் வெளிவந்தபின், 1966இல் தயாரிப்பு நின்றது.

வீட்டில் தம்பி தங்கையின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறதா? யாரும் உட்காராதபோது ஹேண்டில்பாரை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பி, பெடலைக் கையால் சுற்றுங்கள். எந்தப் பின் சக்கரம் பின்னோக்கி உருள்கிறது என்று நீங்களே பாருங்கள்.